ஆட்டத்திலிருந்து அணி நிர்வாகத்துக்கு: தங்கச்சிமடம் ஹாக்கி வீரர் ஒருவருக்குப் பதில்

கேள்வி: எனக்கு வயது 34. சொந்த ஊர் இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையிலுள்ள தங்கச்சிமடம். மணல் திடலில் ஆடத் தொடங்கிய எனக்கு, விளையாட்டு ஒதுக்கீட்டில் சென்னையில் மத்திய அரசுத் துறை ஒன்றில் வேலை கிடைத்தது. துறை அணிக்கு சென்டர் ஹாஃபாக (நடுக்கள வீரராக) ஆடினேன். தமிழ்நாட்டுக்காகத் தேசிய சீனியர் போட்டியிலும் ஆடியிருக்கிறேன். முழங்கால் காயத்தால் இந்த ஆண்டோடு ஆட்டத்தை நிறுத்துகிறேன். ஹாக்கி இந்தியா லீக் அணி ஒன்றில் நிர்வாகப் பக்கம் ஆள் எடுப்பதாகவும், உடனே வரும்படியும் நண்பர் ஒருவர் சொல்கிறார். வேலையை விட்டுவிடலாமா? என்.ஐ.எஸ். எனப்படும் தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பயிற்றுநர் படிப்புப் படிப்பதா, விளையாட்டு மேலாண்மை படிப்பதா? எங்கள் கடற்கரைப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்துகொண்டே இந்தத் துறைக்குள் நுழைய முடியுமா?

பதில்: வேலையை விட வேண்டாம். ஹாக்கி இந்தியா லீக் 2013 முதல் 2017 வரை நடந்து, பிறகு நின்றுபோய், 2024 டிசம்பர் 28 அன்று மீண்டும் தொடங்கி 2025 பிப்ரவரி 1 அன்று முடிந்தது. அடுத்த தொடர் 2026 ஜனவரியில் நடந்தது. அதன் சில ஆட்டங்கள் சென்னை மேயர் இராதாகிருஷ்ணன் அரங்கில் நடைபெற்றன. ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மாதமே ஆடும் அணிக்கு ஆண்டு முழுவதும் சம்பளம் பெறும் அலுவலர்கள் மிகச் சிலரே தேவைப்படுவார்கள். எஞ்சிய பணிகள் பெரும்பாலும் வீரர்களை எடுக்கும் ஏலத்தை ஒட்டியும் தொடரை ஒட்டியும் தரப்படும் குறுகிய கால ஒப்பந்தங்களாகவே இருக்கும். மாதச் சம்பளமும் ஓய்வூதியப் பலன்களும் உள்ள அரசு வேலையை அதற்கு ஈடாகக் கொடுப்பது, என் கணிப்பில், உங்கள் குடும்பத்துக்கு நியாயமாகாது.

ஆனால் நண்பர் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. களத்துக்கு வெளியே ஓர் அணிக்கு மூன்று விதமான வேலைகள் உண்டு. முதலாவது அணி மேலாளர் வேலை. பயணம், தங்குமிடம், வெளிநாட்டு வீரர்களின் விசா, வீரர் பதிவு, மருத்துவம், உணவு என்று ஓய்வில்லாமல் ஓட வேண்டிய இந்த வேலையில் ஆட்ட அறிவைவிடப் பொறுமைக்கே மதிப்பு அதிகம். இரண்டாவது பயிற்சிக் குழு. மூன்றாவது, வீரர்களைத் தேடிக் கண்டறிந்து மதிப்பிடும் வேலை. நீங்கள் இந்த மூன்றாவதன் வழியாகவே நுழைய வேண்டும் என்பது என் கருத்து; அதற்கான காரணம் ஏலக் கணக்கிலேயே இருக்கிறது.

2024 அக்டோபர் ஏலத்தில் ஆண்கள் அணி ஒவ்வொன்றும் 4 கோடி ரூபாய்க்குள் 24 பேரை எடுக்க வேண்டியிருந்தது. அவர்களில் 8 பேர் வெளிநாட்டவர், இந்தியர்களில் குறைந்தது 4 பேர் இளையோர். அந்த ஏலத்தில் அப்போதைய இந்திய அணிக் கேப்டன் ஹர்மன்பிரீத் சிங்குக்கு மட்டும் 78 இலட்சம் கொடுக்கப்பட்டது. ஒரே வீரருக்கு மொத்தப் பணத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைக் கொடுத்த அணி, 2 இலட்சம் அடிப்படை விலையில் நிற்கும் இளையோரில் யார் தேறுவார் என்பதைச் சரியாகக் கணித்தால்தான் நிமிர முடியும். பெரிய வீரர்களை எல்லோருக்கும் தெரியும். பெயர் தெரியாத பத்தொன்பது வயதுப் பையனைத் தெரிந்து வைத்திருப்பவரையே அணி தேடும்.

வட அமெரிக்கப் பனி ஹாக்கியில் இந்தப் பாதை நெடுங்காலமாகவே வகுக்கப்பட்டிருக்கிறது. டெட்ராய்ட் அணியின் நீண்ட காலக் கேப்டனாக இருந்த ஸ்டீவ் ஐசர்மன் 2006இல் ஓய்வு பெற்று, அதே அணியின் அலுவலகத்தில் துணைத் தலைவர் என்ற பெயரில் நான்கு ஆண்டுகள் வேலை பழகிய பிறகே 2010இல் டாம்பா பே அணியின் பொது மேலாளரானார். கிறிஸ் டிரூரி 2011இல் ஓய்வு பெற்று, 2015இல் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணியில் வீரர் வளர்ச்சிப் பொறுப்பில் சேர்ந்து, 2021இல்தான் பொது மேலாளர் ஆனார். அங்கே அணிகள் பதினெட்டு வயதுப் பிள்ளைகளைத் தேர்வு செய்து, அவர்கள் கல்லூரிகளிலும் இளையோர் லீக்குகளிலும் ஆடும்போதே அவர்களை ஒப்பந்தம் செய்யும் உரிமையை வைத்திருக்கின்றன. ஊர் ஊராகச் சென்று அவர்களைப் பார்த்துத் திருத்தி அறிக்கை எழுதுவதே வளர்ச்சிப் பயிற்றுநரின் வேலை. இங்கே லீக் அணிக்கு அத்தகைய ஆண்டு முழுவதுமான உரிமை கிடையாது. ஆகவே இந்தியாவில் வளர்ச்சிப் பணி என்பது பெரும்பாலும் லீக் அணிகளில் இல்லை. மாநில அரசு விடுதிகளிலும், இந்திய விளையாட்டு ஆணைய மையங்களிலும், புவனேஸ்வரத்தில் டாடா நிறுவனத்தின் துணையோடு இயங்கும் நவல் டாடா மையம் போன்ற இடங்களிலுமே இருக்கிறது. விண்ணப்பங்களை எங்கே அனுப்ப வேண்டும் என்பதை இந்த வேறுபாடே முடிவு செய்கிறது.

இந்திய அணியின் கோல்காப்பாளராக இருந்த ஸ்ரீஜேஷைப் பார்த்து அவசரப்பட வேண்டாம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கோடு ஓய்வு பெற்ற அவர் உடனே இந்திய இளையோர் அணியின் பயிற்றுநரானார். 2025இல் சென்னையிலும் மதுரையிலும் நடந்த இளையோர் உலகக் கோப்பையில் அவருடைய அணி வெண்கலம் வென்றது. இரண்டு ஒலிம்பிக் பதக்கங்கள் உள்ளவருக்குத் திறக்கும் கதவு மாநில அணி வீரருக்குத் தானாகத் திறப்பதில்லை. ஆட்டக் களத்திலிருந்து 2010இல் விலகிய இந்திய அணியின் முன்னாள் கேப்டன் திலீப் திர்க்கி, நாட்டின் ஹாக்கி நிர்வாக அமைப்பான ஹாக்கி இந்தியாவின் தலைவராவதற்கு 2022 வரை ஆயிற்று.

உங்களிடம் பதக்கத்துக்குப் பதிலாக இருக்க வேண்டியது எழுதப்பட்ட மதிப்பீடு. பழைய வீரர்களில் பெரும்பாலோர் நன்றாகப் பார்க்கிறார்கள், ஆனால் பார்த்ததை எழுதுவதில்லை. கேட்டால் ‘பையன் ஸ்டிக் ஒர்க் பிரமாதம்’ என்று முடித்துவிடுகிறார்கள். அந்த வாக்கியத்தை வைத்து எந்த அணியும் பணம் செலவழிக்காது. சென்டர் ஹாஃபாக ஆடிய உங்களுக்கு, பந்து வருவதற்கு முன் ஒருவர் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கிறாரா, முதல் தொடுதலிலேயே பந்தைத் திறந்த பக்கம் எடுக்கிறாரா, பந்தைப் பறிகொடுத்த அடுத்த நொடியில் நிற்கிறாரா ஓடுகிறாரா, நான்காவது கால்பகுதியிலும் அதே வேகத்தில் பின்வாங்குகிறாரா என்பதெல்லாம் சொல்லிக் கொடுக்காமலே தெரியும். அவற்றை ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கமாக, தேதி, எதிரணி, தளம், ஆடிய இடம் ஆகியவற்றோடு எழுதி வாருங்கள். ஒரே ஆட்டத்தைப் பார்த்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். ஒரே வீரரை வெயிலிலும், தோற்கும் ஆட்டத்திலும், பழக்கமில்லாத இடத்தில் நிறுத்தப்பட்ட நாளிலும் பாருங்கள். பெனால்டி கார்னர் (எதிரணிக்குக் கோலருகே கிடைக்கும் தண்டனை வாய்ப்பு) தடுப்பில் முதல் ஆளாக ஓடுபவர் யார் என்பதைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள்; அந்தத் துணிச்சல் ஒருவரிடம் உண்டா இல்லையா என்பது ஆட்ட அட்டையில் வராது. கூடவே, ஆட்டத்தைக் கைப்பேசியில் பதிவு செய்து மடிக்கணினியில் வெட்டி, ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு சிறு காணொலித் துண்டை இணைக்கப் பழகினால், காணொலிப் பகுப்பாய்வாளர் பணிக்கும் அது அடித்தளமாகும். எந்தக் கணிப்பு பொய்த்தது என்பதையும் அழிக்காமல் வைத்திருங்கள். பணிக்கு எடுப்பவர்கள் நேர்மையை அதில்தான் பார்ப்பார்கள்.

இந்த வேலைக்கு உங்கள் கடற்கரை பொருத்தமான இடம். கால்பந்தும் கைப்பந்தும் கபடியும் செல்வாக்குப் பெற்ற ஊர்கள் அவை; ஹாக்கிக்கென்று பிள்ளைகளைத் தேடி வருவோர் குறைவு என்பதால் நீங்கள் பார்க்கும் பிள்ளையை வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். மணலில் பந்து ஓடாது, மட்டையின் அடி நேராக விழாது என்பது குறைதான். ஆனால் மணலில் ஓடி வளர்ந்த பிள்ளைகளின் கால் வலிமையையும் சமநிலையையும் பன்னிரண்டு வயதிலேயே காண முடியும். அதற்கு மேல் மட்டைத் திறனை மதிப்பிட இறுகிய செம்மண் திடலாவது வேண்டும். பதினான்கு வயதுக்கு மேற்பட்டவர்களைச் செயற்கைத் தளத்தில் பார்க்காமல் எதையும் உறுதியாக எழுதக் கூடாது. இராமநாதபுரத்திலிருந்து ஏறத்தாழ 110 கிலோமீட்டரில் மதுரையில் இளையோர் உலகக் கோப்பை ஆடிய செயற்கைத் தளம் இருக்கிறது. மாவட்ட விளையாட்டு அலுவலர் வழியாக அனுமதி கேட்டு, தேர்ந்தெடுத்த சிலரை அவ்வப்போது அங்கே அழைத்துச் செல்வது செலவுக்கு அடங்கும்.

காலத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் உங்கள் பகுதிக்கு ஒரு வசதி உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. பள்ளிக் கோடை விடுமுறையும் பெரும்பாலும் அதற்குள்ளேயே வருகிறது. மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பகுதிகளில் விசைப்படகில் செல்லும் தந்தையர் வீட்டில் இருக்கும் காலம் அதுவே. மகளை வெளியூர்ப் போட்டிக்கு அனுப்பும் சம்மதத்தைத் தந்தையிடம் நேரில் உட்கார்ந்து பேசிப் பெற அதைவிட நல்ல நேரம் இல்லை. வீட்டில் பணம் இறுகியிருக்கும் காலமும் அதுதான் என்பதால் முகாமுக்குக் கட்டணம் கேட்காதீர்கள். உங்கள் ஆண்டு விடுப்பை இந்த வாரங்களுக்கென்று ஒதுக்குங்கள். கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டிப் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்களோடு அதற்கு முன்பே பேசி வையுங்கள்.

அகாடமி என்று பலகை மாட்டி விடாதீர்கள். ஓய்வு பெற்றவர்கள் முதலில் செய்வது அதுதான். வாடகைக்கும் உபகரணத்துக்கும் சேமிப்பு கரைந்த பிறகு, பிள்ளைகளைக் கவனிக்க வேண்டியவர் கட்டணம் வசூலிப்பவராகி விடுகிறார். மாற்றாக, மத்திய அரசின் கேலோ இந்தியா மாவட்ட மையத் திட்டம் முன்னாள் வீரர்களையே பயிற்றுநராக வைக்கும் நோக்கில் உருவானது. தேசிய சீனியர் போட்டியில் மாநிலத்துக்காக ஆடியவர்களும் அதற்குரிய தகுதி வரிசையில் வருகிறார்கள். முழு நேரப் பணி என்பதால் இப்போது உங்களுக்கு அது ஒத்துவராது. ஓய்வு பெற்ற தோழர் ஒருவரைப் பயிற்றுநராக்கி, நீங்கள் மதிப்பீட்டாளராகத் துணை நிற்கலாம். எந்த வழியானாலும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றும், மாவட்டச் சங்கம் வழியான ஹாக்கி இந்தியா பதிவும் தொடக்கத்திலேயே சரியாக இருக்கட்டும். வயதுச் சிக்கலில் சிக்கிய பிள்ளைக்காக எந்த அணியும் காத்திருக்காது. பெண் பிள்ளைகள் முகாமில் இருந்தால் பெண் பொறுப்பாளர் ஒருவர் கட்டாயம் வேண்டும்; பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012 போக்சோ சட்டத்தின் கடமைகளையும் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

படிப்பைப் பொறுத்தவரை, ஹாக்கி இந்தியாவின் அடிப்படைப் பயிற்றுநர் வகுப்பையும் முதல் நிலையையும் முதலில் முடியுங்கள். இந்தத் துறையில் யாரிடம் போனாலும் கேட்கப்படும் சான்று அதுதான். பாட்டியாலா என்.ஐ.எஸ்.ஸின் ஆறு வாரச் சான்றிதழ் வகுப்பை விடுப்பில் முடிக்கலாம். முழுப் பட்டயம், பயிற்றுநராகவே வாழப் போகிறவருக்கு உரியது. மேலாண்மைப் பட்டத்துக்கு இப்போதே பணம் கட்ட வேண்டாம். 2024 ஆகஸ்ட் 29 அன்று மத்திய விளையாட்டு அமைச்சகம் தொடங்கிய ரீசெட் திட்டம், 20 முதல் 50 வயது வரையிலான ஓய்வு பெற்ற வீரர்களுக்கு வீட்டிலிருந்தே படிக்கும் பாடங்களையும் களப் பயிற்சியையும் தருகிறது. நிர்வாகத்தில் உங்களுக்கு மனம் ஒட்டுகிறதா என்று அறிய அது போதும்.

இனி நண்பரின் அழைப்பு. மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளின் 15ஆம் விதிப்படி, ஊதியமின்றி விளையாட்டில் ஈடுபடத் தடையில்லை. ஊதியத்தோடு வேறு பணி செய்ய முன் அனுமதி வேண்டும். ஊரில் நடத்தும் இலவச முகாமையும்கூட அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்து விடுங்கள். லீக் அணியிடம் பதவிப் பெயர், பணிக் காலம், தொகை, வரிப் பிடித்தம், காப்பீடு ஆகியவை அடங்கிய வரைவு ஒப்பந்தத்தைக் கேளுங்கள்; அதை இணைத்தே துறைத் தலைமைக்கு அனுமதிக் கடிதம் கொடுங்கள். உங்கள் மதிப்பீட்டுக் குறிப்புகளில் நன்றாக வந்த ஐந்தாறை நண்பர் வழியாக அணிக்கு இப்போதே அனுப்பலாம். ஏலத்துக்கு முந்தைய மாதங்களில் பகுதி நேரமாக இளையோர் மதிப்பீட்டை மட்டும் ஏற்கிறேன் என்று நீங்களே முன்வைத்தால், முழு நேரப் பதவி கேட்பவரைவிட உங்களுக்கு இசைவு கிடைக்கும் வாய்ப்பு அதிகம். ஒப்பந்தம் கையெழுத்தாகி, அனுமதியும் வந்த பிறகு மட்டுமே விடுப்புக்கு விண்ணப்பியுங்கள்.