சிங்கமும் ஆறுமுனை நட்சத்திரமும் உள்ள வெள்ளிப் பதக்கம்: 2000 ஆண்டுப் பழையதா?

எருசலேமில் நீங்கள் வாங்கிய, சிங்கமும் ஆறுமுனை நட்சத்திரமும் உள்ள வெள்ளிப் பதக்கம் ரோமர் காலத்தது என்று கடைக்காரர் சொன்னதை நம்ப வேண்டாம். பெரும்பாலும் கடந்த 200 ஆண்டுகளுக்குள் செய்ததுதான்.

காரணம் அந்த நட்சத்திரம். பழங்காலத்தில் அது வெறும் அலங்காரம். யூத அடையாளமாகப் பரவலானது மிகவும் பிற்காலத்தில். ரோமர், பைசாந்தியர் (கிழக்கு ரோமப் பேரரசு) கால யூதச் சின்னம் ஏழு கிளை மெனோரா என்ற விளக்குத்தண்டு. பக்கத்தில் ஆட்டுக்கொம்பு ஊதுகுழல், பேரீச்சங்குருத்து, எத்ரோக் என்ற எலுமிச்சை வகைப் பழம் இருக்கும். சிங்கம் மட்டும் பழங்காலம், பிற்காலம் இரண்டிலும் வரும், அதை வைத்து முடிவு செய்ய முடியாது.

10 மடங்கு லென்ஸில் பின்புறத்தையும் வளையத்தையும் பாருங்கள். 925 அல்லது 84 முத்திரை (925 என்பது 92.5 சதவீத வெள்ளி; 84 என்பது பழைய ரஷ்யத் தரம், 87.5 சதவீத வெள்ளி) இருந்தால் விஷயம் முடிந்தது, அது ரோமர் காலத்தது அல்ல. சிங்கத்தின் பிடரியில் கோடுகள் மழுங்கி, பள்ளங்களில் பொடிப்பொடிக் குமிழ்கள் தெரிந்தால் அச்சு வார்ப்பு நகல். முத்திரை இல்லாததால் மட்டும் பழையதாகிவிடாது.

பழையதா என்று உறுதியாகும் வரை பாலிஷ் திரவத்தில் முக்காதீர்கள். மண்ணில் புதைந்திருந்த வெள்ளி உள்ளுக்குள் அரித்து நொறுங்கும் நிலையில் இருக்கலாம். கறுப்புப் படிவு போனால் ஆய்வுக்கான தடயமும் போய்விடும்.

ஒருவேளை உண்மையிலேயே கி.பி. 1700க்கு முந்தையது என்றால், இஸ்ரேலிலிருந்து வெளியே கொண்டுவர தொல்பொருள் ஆணையத்தின் அனுமதி வேண்டும். கடைக்காரரிடம் ரசீதோடு அதையும் கேளுங்கள்.