வாத்தியாரே, ஒரு கேள்வி

இந்த மாதம் தபாலிலும் வாட்ஸ்அப்பிலுமாக வந்தவற்றில் பாதி திட்டு. கடன் வாங்கி இலவசம் கொடுப்பது பேரப்பிள்ளைகளின் சட்டைப் பையில் கையை விடுகிற வேலை என்று போன இதழில் எழுதிவிட்டேன், அதற்குத்தான். திட்டையும் சேர்த்தே போடுகிறேன், படியுங்கள்.

“இலவசம் கூடாது என்று எழுதுகிறீர்களே, நீங்கள் மாதாமாதம் வாங்கும் பென்ஷன் மட்டும் என்னவாம்?” — குன்னூர் வாசகி

எங்கள் வீட்டம்மாவும் இதையேதான் கேட்டாள். 34 வருஷம் சாக்பீஸ் பிடித்ததற்கு வரவேண்டிய பாக்கி அது என்று சொல்லிப் பார்த்தேன். “அப்போ 2003 ஏப்ரலுக்கு அப்புறம் வேலைக்குச் சேர்ந்த வாத்தியார்களெல்லாம் விரலாலயா எழுதினாங்க, அவங்களுக்குப் பழைய பென்ஷன் இல்லைன்னுட்டாங்களே?” என்றாள். பதில் சொல்லாமல் பேப்பரை விரித்துக்கொண்டேன். ஆமாம் அம்மா, அரசாங்கத்தின் உப்பைத் தின்கிறவன்தான். கணக்கு கேட்கக் கூடாது என்று அந்த உப்புப் பொட்டலத்தில் எழுதியிருக்கவில்லை.

“கடன், கடன் என்று பயமுறுத்துகிறீர்கள். கடன் வாங்காத அரசு உலகத்தில் உண்டா?” — ஊட்டி, ஃபிங்கர்போஸ்ட்

இல்லை. கடன் வாங்கி இன்னொரு பைக்காரா நீர்மின் நிலையம் கட்டட்டும், நான் வாய் திறக்க மாட்டேன். அங்கே 1932-ல் மின்சாரம் எடுக்க ஆரம்பித்தார்கள், இன்னும் வந்துகொண்டிருக்கிறது. அந்த மாதிரிக் கடனைக் கட்ட பேரன் முகம் சுளிக்க மாட்டான், ஏனென்றால் அவன் வீட்டு விளக்கும் அதில்தான் எரியும். என் சண்டை வருவாய்ப் பற்றாக்குறையோடு. சம்பளம், பென்ஷன், வட்டி, மானியம் என்று அன்றாடச் செலவுக்கே வருமானம் போதாமல் விழுகிற துண்டு அது. மளிகைக்கடை பாக்கியை அடைக்க நகையை அடகு வைக்கிற வீடு எத்தனை நாள் தாங்கும்?

2021 ஆகஸ்டில் அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெள்ளை அறிக்கை விட்டார், ஞாபகம் இருக்கிறதா? கடன் 5.70 லட்சம் கோடி, குடும்பத்துக்கு 2.63 லட்சம் ரூபாய், பாருங்கள் முந்தைய ஆட்சியின் லட்சணத்தை என்றார். நானும் கைதட்டினேன், கேள்வி கேட்கிற ஒருவர் வந்துவிட்டார் என்று. அதே ஆட்சியின் 2025-26 பட்ஜெட்டை எடுத்துப் பார்த்தால், ஆண்டு முடிவில் கடன் 9.29 லட்சம் கோடியாக இருக்கும், வருவாய்ப் பற்றாக்குறை 41 ஆயிரம் கோடிக்கு மேல் என்று அவர்களே மதிப்பீடு போட்டிருக்கிறார்கள். பொருளாதாரமும் வளர்ந்திருக்கிறதே என்பார்கள், சரி, வளர்ந்திருக்கிறது. சம்பளம் கூடிய பிறகும் கைமாற்று வாங்குகிறவனைத்தான் எனக்கு அதிகம் சந்தேகமாக இருக்கிறது. இரண்டு கழகத்துக்கும் சேர்த்தே சொல்கிறேன், வெள்ளை அறிக்கையில் இருந்தது ஒருவர் சேர்த்த பாக்கி, பட்ஜெட்டில் இருப்பது அதற்கு மேல் இன்னொருவர் சேர்த்தது.

“பசுந்தேயிலைக்குக் கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு வேண்டும் என்று நாங்கள் உண்ணாவிரதம் இருந்தபோது நீங்களும் வந்து உட்கார்ந்தீர்களே. ஊருக்குத்தான் உபதேசமா வாத்தியாரே?” — கோத்தகிரி, சிறு விவசாயி

வசமாக மாட்டிக்கொண்டேன். வந்தேன், உட்கார்ந்தேன், சர்க்கரை மாத்திரைக்கு நேரமாகிவிட்டது என்று பாதியில் எழுந்து போனதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

எனக்கும் முக்கால் ஏக்கர் இருக்கிறது. போன மழைக்காலத்தில் ஒருநாள் 62 கிலோ இலை கொண்டுபோய்த் தேயிலைத் தொழிற்சாலையில் போட்டேன். தராசுக்குப் பக்கத்தில் நின்றவர் சாக்கைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் “ஈரம்” என்று 8 கிலோவைக் கழித்துச் சீட்டில் எழுதினார். அடுத்த முறை நல்ல வெயில் நாளாகப் பார்த்து, வேண்டுமென்றே மத்தியானம் பறித்த இலையைக் கொண்டுபோனேன். அன்றைக்கும் ஈரம்தான்! என்ன விலை என்பது மாதம் முடிந்தால்தான் தெரியும், பணம் அதற்கும் அப்புறம், ஆனால் பறிக்க வந்தவருக்கு அன்றைக்குக் கூலி அன்றைக்கே கொடுத்தாக வேண்டும்.

இங்கேதான் எனக்கு அரசாங்கம் வேண்டும். 2003-லிருந்து தேயிலை விற்பனைக் கட்டுப்பாட்டு ஆணை இருக்கிறது. தூள் விற்ற பணத்தில் நூற்றுக்கு 65 பங்கு இலை கொடுத்தவருக்கு, 35 பங்கு தொழிற்சாலைக்கு என்று கணக்கு இருக்கிறது. தேயிலை வாரியம் மாதாமாதம் சராசரி விலை அறிவிக்கிறது. அதற்குக் கீழே கொடுப்பவரைப் பிடிப்பது, தராசைச் சோதிப்பது, கழிவுக்கு ஒரு வரம்பு வைத்து அதை மீறினால் அபராதம் போடுவது, இதெல்லாம் அம்பயர் வேலை, பெரிய செலவும் இல்லை. அந்த வேலையை விட்டுவிட்டு அம்பயரே மட்டையைத் தூக்கிக்கொண்டு ஆட இறங்கிய கதைதான் டான்டீ, அதாவது அரசின் தேயிலைத் தோட்டக் கழகம். 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு வேலை கொடுக்க, 1968-ல் வனத்துறை தேயிலை நட ஆரம்பித்து 1976-ல் கழகமானது. நோக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அட்டைக்கடியில் நின்று அந்த மலையைத் திருத்தியவர்களின் பிள்ளைகள் என் வகுப்பில் படித்தார்கள். ஆனால் நஷ்டத்தின் மேல் நஷ்டமாகி, 2022-ல் 2,152 ஹெக்டேரை வனத்துறைக்கே திருப்பிக் கொடுங்கள் என்று உத்தரவு வந்தபோது, தேயிலை நட்டவர்கள், தாங்கள் குடியிருக்கும் தோட்டத்து லைன் வீடு இருக்குமா போகுமா என்று தவிக்கும்படி ஆயிற்று.

அந்த 33.50-ஐ வரிப்பணத்திலிருந்து எடுத்துக் கொடு என்று நாம் கேட்டால் அதுவும் இலவசம்தான், ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்கு எனக்கு இருந்தது அந்த 8 கிலோ கோபம்.

“காலி மதுபாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் கொடுக்கிறார்கள். அதையாவது பாராட்டுங்கள்.” — மஞ்சூர் வாசகர்

பாராட்டுகிறேன். உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு, 2022 மே மாதம் நம் மாவட்டத்தில்தான் முதலில் ஆரம்பித்தது. காட்டு ஓரத்தில் கண்ணாடிச் சில் குறைந்தால் யானைக்கும் நல்லது, மாடு மேய்க்கிறவருக்கும் நல்லது.

பாட்டில் திரும்பி வருகிறது, உள்ளே இருந்தது எங்கே போயிற்று? 2024-25-ல் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்தது 48,344 கோடி. 2025-26-ல் மகளிர் உரிமைத் தொகைக்கு ஒதுக்கியது 13,807 கோடி. வீட்டுக்காரரிடமிருந்து இந்தக் கையில் வாங்கி, அதில் கால்வாசிக்குக் கொஞ்சம் மேலே வீட்டுக்காரியிடம் அந்தக் கையில் கொடுக்கிறார்கள், நடுவில் விழா, மேடை, பேனர். ராஜாஜி 1937-ல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார், அதில் போன வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி போட்டார். 1971-ல் மதுவிலக்கைத் தளர்த்தினார்கள். வரியை யாரும் தளர்த்தவில்லை.

“மாநில அரசையே சாடுகிறீர்கள். டெல்லிக்காரர்கள் உங்களுக்கு மாமன் மச்சானா?” — ஊட்டி, காந்தல்

இந்து நகரிலிருந்து நாலு எட்டில் இருந்துகொண்டா இப்படிக் கேட்கிறீர்கள்? அங்கே இருந்த எச்.பி.எஃப்., அதுதான் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், மத்திய அரசின் கம்பெனிதானே. 1967-ல் ஃபிலிம் செய்ய ஆரம்பித்து, எக்ஸ்ரே பிலிம், சினிமா பிலிம் என்று ஊரையே தூக்கி நிறுத்தியது, பையன் அங்கே வேலை பார்க்கிறான் என்றால் பெண் கொடுக்கப் போட்டி போடுவார்கள். அப்புறம் டிஜிட்டல் வந்தது, அதற்கு யாரும் பழியில்லை. 1996-லேயே நலிந்த நிறுவனம் என்று தொழில் மறுசீரமைப்பு வாரியத்துக்குப் போய்விட்டது. விருப்ப ஓய்வுத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது 2014-ல். நடுவில் 18 வருஷம்! எத்தனை பிரதமர்கள், எத்தனை கட்சிகள், மூடுகிறோம் என்று சொல்லவும் தைரியமில்லை, ஓட்டவும் வழியில்லை. தனியார் முதலாளி என்றால் கையில் காசு தீர்ந்த அன்றைக்குப் பூட்டியிருப்பான், தொழிலாளியும் 30 வயதிலேயே வேறு வேலை தேடிப் போயிருப்பான். இங்கே 48 வயதில் கையில் செக்கோடு நின்றார்கள்.

செஸ், சர்சார்ஜ் என்று வரிக்கு மேல் வரியாக டெல்லி வசூலிப்பதில் மாநிலங்களுக்குப் பங்கு இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திருப்திதானே?

“மலையில் பெண்களுக்கு இலவச பஸ் கூடாது என்கிறீர்களா?” — கேத்தி வாசகி

இல்லவே இல்லை. 2024-ல்தான் மலைக்கு நீட்டித்தார்கள், தோட்டத்துக்குப் போகிறவருக்கு மாதம் சில நூறு ரூபாய் மிச்சம். பஸ் வந்தால்! எங்கள் பக்கம் சாயங்கால டிரிப் மழை பெய்தால் வராது, மழை பெய்யாவிட்டால் ரிப்பேர். ஜீப்புக்கு 30 ரூபாய் கொடுத்து ஏறுகிற பெண்கள் இலவசப் பயணிகள் கணக்கில் வருவார்களா என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

“எங்கள் வீட்டுக்குக் கரண்ட் இல்லை. செக்‌ஷன் 17 நிலம் என்கிறார்கள். எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டால் வரும்?” — பந்தலூர்

இந்தக் கடிதத்துக்குத்தான் எனக்குக் கை நடுங்கியது. கூடலூர் ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் 1969-ல் போட்டது, 1974-ல் நடைமுறைக்கு வந்தது. ஜென்மிகள் என்கிற பரம்பரை நிலவுடைமையாளர்களின் நிலத்தை எடுத்து, உழுகிறவருக்கு ரயத்துவாரி பட்டா கொடுக்கிறோம் என்றார்கள். குத்தகைத் தோட்ட நிலங்கள் 17-வது பிரிவில் முடிவாகாமல் மாட்டிக்கொண்டன. எஸ்டேட்காரர் கோர்ட்டுக்குப் போனார், வனத்துறை போயிற்று. காடு வெட்டுவதைப் பார்த்துப் பொறுக்காமல் நிலம்பூர் கோவிலகத்து கோதவர்மன் திருமுல்பாடு 1995-ல் உச்ச நீதிமன்றம் போனதும் இதே கூடலூர்க் காட்டுக்காகத்தான், அந்த வழக்கு நாட்டின் காடுகள் எல்லாவற்றுக்குமான வழக்காக வளர்ந்தது. காடு வேண்டும், நானும் அந்தக் கட்சி. ஆனால் எது காடு, எது வீடு என்று கோடு போட்டுச் சொல்ல 50 வருஷமா? பட்டா கொடுப்பதோ மாட்டேன் என்பதோ, இரண்டில் ஒன்று சொல்வது அரசின் முதல் வேலை, பஸ், டீத்தூள், பாட்டில் எல்லாம் அதற்கப்புறம். பட்டா இல்லாதவருக்கு பேங்க் கடன் இல்லை, மீட்டர் இல்லை, தேர்தலுக்குத் தேர்தல் வாக்குறுதி மட்டும் உண்டு.

எந்தக் கட்சி என்றா கேட்டீர்கள்? 1967-ல் நீலகிரி சுதந்திராக் கட்சியின் எம்.கே.நஞ்ச கவுடரை எம்.பி. ஆக்கியது. சொத்துரிமை, சொத்துரிமை என்று பேசிய ஒரே கட்சி. அது போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகிவிட்டது. 1978-ல் சொத்துரிமையே அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து போய்விட்டது. ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் பட்டாவுக்குத் தேதி கேளுங்கள், தேதி சொல்லாதவருக்கு டீ கொடுத்து அனுப்புங்கள்.

“ஊட்டி ரேஸ் கோர்ஸை அரசு எடுத்துக்கொண்டது சரிதானே?” — கூக்கல்தொரை

வாடகை கொடுக்காதவரை வெளியேற்றுவது சரி. 52 ஏக்கர், 2024 ஜூலையில் பூட்டுப் போட்டார்கள். பாக்கி 822 கோடி என்றார்கள். 2021-ல் ஊட்டி மார்க்கெட்டில் வாடகை பாக்கி என்று சீல் வைத்தபோது, எனக்குத் தெரிந்த காய்கறிக் கடைக்காரர் ஒருவர் உள்ளே அழுகிக்கொண்டிருந்த முட்டைக்கோஸுக்காக ஷட்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். குதிரைக்காரர்களுக்கு மட்டும் பாக்கி 822 கோடி ஆகிறவரை பொறுத்திருந்த அந்த அன்பான அதிகாரி யாரென்றுதான் தேடிக்கொண்டிருக்கிறேன், கிடைத்தால் என் வீட்டு வரிக்கும் அவரையே போடச் சொல்லலாம்.