சத்தம் போட்டா பாறைக்குள்ள எண்ணெய் நகருமா?

கேள்வி: எங்க பக்கம் எண்ணெய்க் கிணறுங்க இருக்கு. ஒலி அலையை உள்ள அனுப்பி பாறைக்குள்ள மாட்டிக்கிட்ட எண்ணெயை வெளிய எடுக்கலாம்னு படிச்சேன், நெஜமா சார்? அப்போ வத்திப்போன போர்வெல்லுக்கும் பண்ணலாமா?
– ஒரு வாசகர், திருவாரூர்

பதில்: நெஜம்தாங்க. ஆனா அலை எண்ணெயைத் தள்ளிக்கிட்டு வர்றதில்ல, மாட்டிக்கிட்டதை விடுவிக்குது, அவ்ளோதான். பூமிக்கடியில எண்ணெய் குளம் மாதிரி தேங்கி இருக்குன்னு நெறைய பேர் நெனைக்கிறாங்க, அப்படி இல்ல, மணற்பாறையில மணலுக்கும் மணலுக்கும் நடுவுல இருக்குற இடுக்குலதான் இருக்கு, அந்த இடுக்குல முக்கால்வாசி நம்ம தலைமுடியை விட மெலிசு. தண்ணியை இறக்கி அழுத்தினாலும் பெரும்பாலான எண்ணெய் வயல்கள்ல (எண்ணெய் எடுக்குற இடங்கள்ல) பாதிக்கு மேல உள்ளயே தங்கிடுது, ஏன்னா எண்ணெய் துளித்துளியா உடைஞ்சு ஒவ்வொரு குறுகலான வாசல்லயும் போய் நின்னுக்கும், அதுல நுழைய துளி நசுங்கி வளையணும், துளியை உருண்டையாவே இழுத்துப் பிடிக்குற பரப்பு இழுவிசை அதுக்கு விடாது.

மழை நாள்ல நிக்கிற பஸ்ஸோட ஜன்னலைப் பாத்திருப்பீங்க. கண்ணாடியில துளிங்க அப்படியே ஒட்டிக்கிட்டு நிக்கும், டிரைவர் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினதும் கண்ணாடி கடகடன்னு ஆடும் பாருங்க, அப்போ ஒண்ணு ரெண்டு துளி சட்டுன்னு வழிஞ்சு ஓடும். கீழ இழுக்குற விசை முன்னாடியே இருந்துச்சு, ஆட்டம் குடுத்தது ஒரு சின்ன உதை. பாறைக்குள்ள நடக்குறதும் கிட்டத்தட்ட இதேதான்.

இந்த யோசனைக்கு ஒரு பெரிய தூண்டுதலே நிலநடுக்கம்தான். 1952 ஜூலையில கலிபோர்னியாவுல கெர்ன் கவுண்டியில பெரிய நடுக்கம் வந்தப்போ அங்க சில எண்ணெய்க் கிணறுல உற்பத்தி மாறினதைப் பதிவு பண்ணி வெச்சிருக்காங்க. எனக்கு அதை விடப் பிடிச்சது அதே மாநிலத்துல பின்யோன் ஃப்ளாட்ங்கற இடத்துல தண்ணிக் கிணறுகளை வெச்சு பண்ணின ஆராய்ச்சி, 2006ல வெளிவந்துச்சு. நிலா, சூரியன் இழுவையில கடல் மட்டுமில்ல, பாறையும் லேசா விரிஞ்சு சுருங்குது, கூடவே கிணத்து நீர்மட்டமும் ஏறி இறங்குது, ஆனா கொஞ்சம் லேட்டா. பாறையில தண்ணி சுலபமா ஓடினா அந்த லேட் குறையும். 20 வருஷ அளவைப் பாத்தா, நடுக்கம் வந்தப்போல்லாம் லேட் சட்டுன்னு குறைஞ்சிருக்கு, தண்ணி ஓடுற வசதி 3 மடங்கு வரைக்கும் கூடியிருக்கு, அப்புறம் சில மாசத்துல மெதுவா பழையபடி ஆயிருக்கு. எவ்ளோ அழகான கணக்கு பாருங்க!

இதை நாமளே பண்ணலாமேன்னா அங்கதான் சிக்கல். செகண்டுக்கு 20,000 தடவைக்கு மேல அதிர்ற அல்ட்ராசவுண்ட் பாறையில கொஞ்ச தூரத்துலயே செத்துடும், கிணத்தை ஒட்டி அடைச்சிருக்குற மெழுகையும் சேறையும் உதிர்க்கத்தான் சரி. செகண்டுக்கு பத்து இருபது தடவை அதிர்ற அலை ரொம்ப தூரம் போகும், ஆனா போகப் போக வலுவு குறைஞ்சிடும். சோவியத் காலத்துல ரஷ்யாவுல தரை மேல பெரிய அதிர்வு மெஷினை வெச்சே பாத்தாங்க, அதுக்கப்புறம் அமெரிக்காவுலயும் முயற்சி நடந்துச்சு, ஒரு வயல்ல பலன் தெரிஞ்சா இன்னொண்ணுல ஒண்ணும் தெரியல. அதனால எல்லாக் கிணத்துக்கும் இது கேரண்டின்னு யாராவது வித்தா நான் நம்ப மாட்டேன்.

போர்வெல்லுக்கு வர்றேன். நீர்மட்டமே கீழ போயிருந்தா எந்த அலையும் தண்ணியை உண்டாக்காது. பக்கத்து போர்ல தண்ணி நல்லா வந்து உங்களோடதுல மட்டும் குறைஞ்சிருந்தா அடைப்பா இருக்கலாம், முதல்ல கம்ப்ரஸர் வெச்சு ஃப்ளஷ் பண்ணிப் பாருங்க.