கணவர் ராணுவத்தில் இருக்கிறார், நான் பிள்ளைகளோடு ஊரில் இருக்கிறேன். எங்களுக்கு என்ன உதவிகள் கிடைக்கும்?

கேள்வியின் விவரத்தில் இப்படி எழுதியிருக்கிறீர்கள்: கணவர் நாயக், வடகிழக்கில் பணி. நீங்கள் கொடுமுடி பக்கம் மாமியார் வீட்டில். மகனுக்கு 13 வயது, மகளுக்கு 9. பிள்ளைகளுக்கு ஏதாவது பயிற்சித் திட்டமோ உதவியோ உண்டா என்று கேட்டுவிட்டுக் கடைசி வரியில், "அப்பா போன் செய்தாலே பையன் பேச மாட்டேன் என்கிறான்" என்று சேர்த்திருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் முதலில் காகிதச் சோலியை முடித்துவிடலாமுங்க.

நான் பட்டாளத்துக்காரர் மகள். சென்னிமலைக்குக் கிழக்கே மேட்டாங்காட்டு ஊர். அப்பா 1980-இல் சேர்ந்து 2004-இல் ஹவில்தாராக ஓய்வு பெற்றார். எங்கள் ஊரில் மற்ற வீடுகளில் தறி ஓடும், இல்லாவிட்டால் பண்ணையம். பட்டாளத்துக்காரர் வீடு என்றால் எங்கள் வீடு ஒன்றுதான். வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு ஒருவர் ராணுவத்தில் இருக்கிற ஊரில், எந்த அலுவலகத்துக்கு எந்தப் படிவம் என்பதைத் திண்ணையிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நம் பக்கம் அப்படி இல்லை. இங்கே ஒரு வகுப்புக்கு ஒரு ராணுவப் பிள்ளை இருந்தாலே அதிகம். அதனால் இருக்கிற உதவியும் நமக்குத் தெரிவதற்குள் காலாவதி ஆகிவிடுகிறது.

முதல் வேலை, இன்று இரவு கணவர் பேசும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: "கல்யாணம், ரெண்டு கொழந்தைங்க பேரு, பொறந்த தேதி எல்லாம் பார்ட் டூ ஆர்டர்ல எப்படி ஏறியிருக்குது?" சிப்பாயின் வாழ்க்கையில் நடப்பதையெல்லாம் யூனிட் அலுவலகம் ஓர் உத்தரவாக வெளியிட்டுப் பதிவகத்துக்கு அனுப்பும். அதுதான் பார்ட் டூ ஆர்டர். பதிவகம் என்பது படைவீரர்களின் பணி ஆவணங்களை வைத்திருக்கும் அலுவலகம். நாளைக்குக் கிடைக்கப்போகிற ஓய்வூதியம், மருத்துவ அட்டை, உதவித்தொகை எல்லாம் அந்த ஒரு பதிவில்தான் தொங்குகின்றன. அதில் இருக்கிற பெயரும், பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிச் சான்றிதழில் இருக்கிற பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

தமிழ்ப் பெயருக்கு இது பெரிய வில்லங்கம். நமக்கு இன்ஷியல், அவர்களுக்கு முழுப்பெயர். ஆங்கிலத்தில் பெயர் எழுதும்போது நாம் போடுகிற 'எச்' எழுத்து அவர்களிடம் இருக்காது. எங்கள் வீட்டில் இன்னும் மோசம். அப்பா தம்பி பிறந்த தகவலை யூனிட்டில் சொன்னபோது, வாய் பழகின செல்லப் பெயரைச் சொல்லிவிட்டார். குமாஸ்தா அதையே எழுதிவிட்டார். ஐப்பசியில் பிறந்தவனுக்குப் பள்ளியில் சேர்க்கும்போது, வயசு பத்தவில்லை என்று வாத்தியார் ஜூன் மாதத்தில் ஒரு தேதி போட்டுவிட்டார். 18 வருஷம் இது யாருக்கும் உறைக்கவில்லை. 2007-இல் தம்பி இன்ஜினியரிங் முதலாண்டு சேர்ந்து பிரதமர் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தபோது, "இது உங்க பையன்தான்னு எப்படி நம்பறது?" என்று ஓர் அலுவலகத்தில் திருப்பி அனுப்பினார்கள். பிரமாணப் பத்திரம், பத்திரிகை விளம்பரம், மேட்டுப்பாளையம் வழியாக வெலிங்டன் பதிவகத்துக்கு மூன்று நடை. எல்லாம் சரியாகி வந்தபோது அந்த வருஷத்துக் கடைசி நாள் தாண்டிவிட்டது. அந்த உதவித்தொகையைப் படிப்பின் முதலாண்டில்தான் புதிதாகக் கேட்க முடியும். விட்டால் போச்சு. இப்போது அதன் தொகை மகனுக்கு மாதம் 2,500 ரூபாய், மகளுக்கு 3,000. ஓய்வு பெற்றவர்களின் பிள்ளைகளுக்கானது, 12-ஆம் வகுப்பில் 60 சதவீதமாவது வேண்டும். உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஆனால் பெயர்த் திருத்தத்தை அவர் பணியில் இருக்கும்போதே செய்துவிடுங்கள். யூனிட்டில் உட்கார்ந்து செய்தால் ஒரு மனுவோடு போகும். வெளியே வந்தபின் செருப்புத் தேயும்.

இன்னொரு குழப்பம். இணையத்தில் "ராணுவக் குடும்ப உதவிகள்" என்று தேடினால் வருவதில் பாதி முன்னாள் வீரர்களுக்கானவை. மத்திய சைனிக் வாரியம் (முன்னாள் வீரர் நலனைப் பார்க்கும் மத்திய அரசு அமைப்பு) ஹவில்தார் வரையுள்ள முன்னாள் வீரர்களின் இரண்டு பிள்ளைகளுக்குத் தரும் கல்வி மானியம் (2025 நவம்பரிலிருந்து மாதம் 1,000 என்பது 2,000 ஆகியிருக்கிறது), இ.சி.எச்.எஸ். மருத்துவ அட்டை, தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் இருக்கிற 150 இடங்கள் எல்லாம் அந்த வகை. இன்றைக்கு உங்களுக்கு உரியது அவர் சம்பளத்தோடு வரும் குழந்தைகள் கல்விப் படி. 2024 ஜனவரி முதல் ஒரு பிள்ளைக்கு மாதம் 2,812 ரூபாய் 50 காசு, இரண்டு பிள்ளைகளுக்கு. பள்ளியில் ஒரு சான்று வாங்கி அவருக்கு அனுப்பினால் போதும். அதை வாங்கி அனுப்பாமல் வருஷக்கணக்கில் விட்டவர்களை எனக்குத் தெரியும். கேன்டீன் அட்டையைப் பற்றி ஒறம்பரை (சொந்தக்காரர்கள்) எல்லாரும் விசாரிப்பார்கள், இந்தப் படியைப் பற்றி ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

(அக்னிவீரர் குடும்பத்தினர் யாராவது இதைப் படித்தால்: நான்கு வருஷத்தில் வெளியே வருகிறவர்களுக்கு முன்னாள் வீரர் தகுதி கிடையாது, இ.சி.எச்.எஸ். கிடையாது. மேலே சொன்னதை நம்பித் திட்டம் போட்டுவிடாதீர்கள்.)

ஈரோட்டில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. பெயரில் 'முன்னாள்' என்று இருப்பதால் நமக்கில்லை என்று நினைத்து என் அம்மா ஒரு நாளும் படியேறவில்லை. பணியில் இருப்பவரின் குடும்பமும் அங்கே போகலாம். ஒரு முறை நேரில் போய், அவருடைய படை எண், யூனிட் விவரம் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளுங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் படைவீரர் குடும்பங்களுக்கென்று குறைதீர்க்கும் நாளும் அவ்வப்போது நடக்கும். அடுத்தது எப்போது என்று அங்கேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். நம் பக்கம் ஆம்பளை வெளியூரில் இருக்கிற வீட்டில் வரப்பு தானாக நகரும். எங்கள் மேல்காட்டு வேலி இரண்டு முழம் நகர்ந்தது அப்பா காஷ்மீரில் இருந்தபோதுதான். உங்களுக்கும் நிலத்திலோ தண்ணீர் முறையிலோ தகராறு வந்து வழக்கு என்று போனால், 1925-ஆம் ஆண்டு இந்திய சிப்பாய்கள் வழக்காடல் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. போர்முனையிலோ அதற்கு ஒப்பான இடத்திலோ பணியில் இருப்பவர் இல்லாத நேரத்தில் வழக்கை நடத்தி முடித்துவிடாமல் நிறுத்தி வைக்க அது வழி செய்கிறது. 2025 ஜூலையில் தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு, படைவீரர் குடும்பங்களுக்கு இலவச சட்ட உதவி தரவென்றே ஒரு திட்டமும் தொடங்கியிருக்கிறது. அதற்கும் வாசல் அதே ஈரோடு அலுவலகம்தான்.

இனிப் பிள்ளைகள்.

1999 ஜூனில் நான் பத்தாம் வகுப்பு. கார்கில் சண்டை. அதில் உயிர்நீத்த திருச்சி மேஜர் சரவணனின் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்திருந்தது. அம்மா ரேடியோவிலிருந்து பேட்டரியைக் கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டு வைத்தார். ஆனால் பள்ளிக்கூடம் போகிற வழியில் டீக்கடை இருந்ததே! "உங்கய்யன் எங்க கண்ணு இருக்கறாரு? சண்டை நடக்கற எடத்துலயா?" என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். பாசமாகத்தான் கேட்டார்கள். எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்டால் வயிறு புரட்டும். டீக்கடையைத் தவிர்க்கக் காட்டு வழியாக ஒரு மைல் சுற்றிப் போவேன்.

எங்கள் உடற்கல்வி டீச்சர் அதைக் கவனித்திருக்க வேண்டும். ஒரு வார்த்தை அப்பாவைப் பற்றிக் கேட்கவில்லை. "நாளையிலிருந்து காலைல ஏழரைக்கு வந்துரு, சாரணியர்ல கொடிக்கு நீதான் பொறுப்பு" என்றார். கொடியை மடிப்பது, கயிற்றில் முடிச்சுப் போடுவது, சின்னப் பிள்ளைகளுக்கு முதலுதவிக் கட்டு சொல்லித்தருவது என்று ஜூலை முடியும் வரைக்கும் எனக்கு ஓய்வே கொடுக்கவில்லை. அது ஒரு திட்டம் என்று அப்போது எனக்குத் தெரியாது. இன்று ராணுவப் பிள்ளைகளுக்கான இளைஞர் நிகழ்ச்சி என்று என்ன கேட்டாலும் எனக்கு அந்தக் கயிறுதான் ஞாபகம் வருகிறது.

உங்கள் மகனுக்குச் சரியான வயசு. என்.சி.சி. ஜூனியர் பிரிவில் 13 வயதில் சேரலாம், பெரும்பாலும் எட்டாம் வகுப்பில் எடுப்பார்கள். பள்ளியில் பிரிவு இருக்கிறதா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள், இல்லாவிட்டால் சாரணர் படை. இரண்டு வருஷத்தில் 'ஏ' சான்றிதழ், கல்லூரியில் 'பி', 'சி'. சான்றிதழை விட முகாம் முக்கியம். பத்து நாள் வேறு ஊர்ப் பிள்ளைகளோடு கூடாரத்தில் படுத்து, தட்டு கழுவி, வரிசையில் நின்று வந்தால், அப்பா என்ன வேலை செய்கிறார் என்பது அவனுக்குச் சொல்லாமலே கொஞ்சம் விளங்கும். விளையாட்டில் ஆர்வம் என்றால் ஈரோடு வ.உ.சி. பூங்கா மைதானத்தில் விசாரியுங்கள். கொடுமுடியிலிருந்து ரயிலிலேயே போய்விடலாம்.

சைனிக் பள்ளி (ராணுவப் பாணி உறைவிடப் பள்ளி) பற்றி எல்லாரும் சொல்லியிருப்பார்கள். உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே அமராவதி நகரில் 1962-லிருந்து இருக்கிறது, அணைக்குக் கீழே அருமையான இடம். ஆறாம் வகுப்புக்கு 10 முதல் 12 வயது, ஒன்பதாம் வகுப்புக்கு 13 முதல் 15. தேசியத் தேர்வு முகமை நடத்தும் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பாதுகாப்புப் படையினர் பிள்ளைகளுக்கு ஒதுக்கீடு உண்டு. பெண் பிள்ளைகளையும் எடுக்கிறார்கள், ஆக உங்கள் மகளும் அடுத்த வருஷம் எழுதலாம். என் சொந்த அபிப்பிராயம்: அவனுக்கே ஆசை இருந்தால் அனுப்புங்கள். அப்பாவும் இல்லை, பையனையாவது கண்டிப்பான இடத்தில் விடலாம் என்ற கணக்கில் அனுப்பாதீர்கள். அப்பா போன மாதிரியே தன்னையும் அனுப்புகிறார்கள் என்று அவன் எடுத்துக்கொள்வான்.

கணவருக்கு ஃபேமிலி குவார்ட்டர்ஸ் கிடைக்கிற ஊராக மாறுதல் வந்தால் போய்விடுவதா என்ற கேள்வியும் ஒரு நாள் வரும். நாங்கள் ஜபல்பூரில் இரண்டு வருஷம் இருந்தோம். கேந்திரிய வித்யாலயா, அக்கம்பக்கத்தில் எல்லாப் பிள்ளைகளின் அப்பாவும் பட்டாளம், அங்கே நான் தனியாள் இல்லை. என் சின்ன வயசில் நல்ல காலம் அதுதான். திரும்பி வந்தபோது தமிழில் என் பெயரைத் தவிர எதுவும் எழுத வரவில்லை. "இந்திக்காரி" என்று ஒரு வருஷம் கூப்பிட்டார்கள். போவதானால் போங்கள், இரண்டு தமிழ்ப் பாடப்புத்தகத்தையும் பெட்டியில் வையுங்கள்.

பையன் பேச மாட்டேன் என்பது பற்றி. சாப்பாடு, தூக்கம் கெட்டு, பள்ளிக்கே போகமாட்டேன் என்கிற அளவுக்கு இருந்தால் 14416-க்குப் பேசுங்கள். டெலி மானஸ், அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசுவார்கள். படைவீரர்களுக்கும் குடும்பங்களுக்கும் என்றே 2023 டிசம்பரிலிருந்து புனேயில் தனிப்பிரிவும் இயங்குகிறது.

அந்த அளவு இல்லை, வெறுமனே "ம்", "ஊம்" என்று முடித்துவிட்டுப் போனை உங்களிடம் நீட்டுகிறான் என்றால், எனக்கு அவனைப் புரிகிறது. போனில் அப்பாக்கள் கேட்பது மூன்றே கேள்வி: சாப்பிட்டயா, படிக்கறயா, அம்மா சொல்றதைக் கேக்கறயா. மூன்றுக்கும் பதில் "ம்" தான்.

என் அப்பா காலத்தில் இன்லேண்ட் லெட்டர், 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவ அஞ்சல் முகவரி. முதலில் அவரும் இதையேதான் எழுதினார், நானும் இரண்டு வரியில் பதில் போட்டேன். பிறகு ஒரு கடிதத்தில், "வாராவாரம் ஞாயித்துக்கிழமை நம்ம கெணத்துல தண்ணிக்கு மேல எத்தனை படி தெரியுதுன்னு எண்ணி எழுது. இது உன்ர டூட்டி" என்று எழுதியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கிணற்று மேட்டில் நின்று எண்ணுவேன். தம்பி தப்பாக எண்ணினால் சண்டை வரும். "பதினாலு படி" என்று எழுதிப் போட்டால், இருபது நாள் கழித்துப் பதில் வரும்: "பதினாலுன்னா மேல்காட்டுக்குத் தண்ணி உட வேண்டாம்னு அம்மாகிட்டச் சொல்லு. தென்னைக்கு மட்டும் போதும்." அதற்குள் மழை பெய்து படி ஒன்பதாகியிருக்கும். அதையும் விளக்கி ஒரு கடிதம் எழுதுவேன். எழுத இடம் பத்தாமல் ஓரத்தை மடக்கி எழுதியிருக்கிறேன்.

உங்கள் பக்கம் காலிங்கராயன் வாய்க்கால் இருக்குமே. தண்ணீர் விட்டாச்சா, கடைமடைக்கு எப்போது வந்தது, எவ்வளவு ஆழம் போகிறது என்று பையனிடம் கேட்கச் சொல்லுங்கள். உங்களிடம் கேட்க வேண்டாம், அவனிடமே கேட்கட்டும்.