ஓடுறேனா, கூப்பிடுறாரா?

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 26 வயசு, ஓசூர்ல ஒரு கம்பெனியில அக்கவுண்ட்ஸ் பாக்குறேன். அப்பா தவறுனதுக்கு அப்புறம் தினமும் காலைப் பூசைக்குப் போக ஆரம்பிச்சேன், ஒரு வருஷமா கன்னியாஸ்திரி, அதான் சிஸ்டர், ஆகணும்னு தோணிட்டே இருக்கு. வீட்டுல வரன் வேற வந்து நிக்குது. இது தேவ அழைத்தல்தானா, இல்ல துக்கத்துக்கும் கல்யாணத்துக்கும் பயந்து ஓடுறேனான்னு தெரியல. ஆண்டவர் தெளிவா ஒரு வார்த்தை சொன்னா போதும், கெளம்பிடுவேன்.

– எஸ்.

அன்புள்ள எஸ்,

அந்த ஒரு வார்த்தை வராதும்மா. வந்துச்சுன்னே வைங்க, அதை நம்பி எந்த சபையும் உங்கள உடனே சிஸ்டர் ஆக்கிடாது. திருச்சபை இந்த விஷயத்துல பெரிய சந்தேகப் பிராணி. முதல்ல கொஞ்ச காலம் கேண்டிடேட், அப்புறம் நவதுறவுன்னு ஒரு பயிற்சிக் காலம் குறைஞ்சது 12 மாசம், அப்புறம் வார்த்தைப்பாடு, அதாவது துறவு வாக்குறுதி, அதுவும் முதல்ல தற்காலிகமா குறைஞ்சது 3 வருஷம், சட்டப்படி அதை 9 வருஷம் வரைக்கும் கூட இழுக்கலாம், அதுக்கப்புறம்தான் நித்திய வார்த்தைப்பாடு. இருந்து பாத்தாத்தான் தெரியும்னு அவங்களுக்கே தெரியும்.

அன்னை தெரசாவ எடுத்துக்கோங்க. 1946 செப்டம்பர் 10, டார்ஜிலிங் போற ரயில்லதான், கான்வென்ட்ட விட்டு வெளிய போய் ஏழைங்களோட இருக்கணும்னு அழைப்பு வந்துச்சுன்னு சொன்னாங்க, அப்பவே கான்வென்ட்டுல 18 வருஷம் ஓட்டியாச்சு, ஆனாலும் கல்கத்தா பேராயர் காக்கத்தான் வெச்சார், ரோம் அனுமதி கெடச்சு அவங்க வெளிய வந்தது 1948 ஆகஸ்ட்ல. வந்ததும் பாட்னாவுக்குப் போய் நர்சிங் கத்துக்கிட்டாங்க. அப்புறம் பல வருஷம் ஜெபத்துல ஆண்டவர் இருக்கற மாதிரியே இல்லன்னு அவங்க எழுதின கடிதங்கள் 2007ல புத்தகமா வந்தப்ப நிறைய பேருக்கு அதிர்ச்சி. எனக்கு என்னவோ நிம்மதியா இருந்துச்சு.

எங்க அத்தை ஒருத்தங்க சிஸ்டர், இப்ப 71 வயசு. உங்களுக்கு எப்ப அத்தை உறுதியாச்சுன்னு ஒரு தடவ கேட்டேன். நவதுறவுல சமையக்கட்டு டியூட்டியாம், ஹாஸ்டல் பிள்ளைங்க சாம்பாருக்கு சின்ன வெங்காயம் உரிக்கணும், கூட உக்காந்து உரிக்கற பொண்ணுக்கும் இவங்களுக்கும் ஆகவே ஆகாது, ஊருக்குப் போக இன்னும் எத்தனை நாள்னு உள்ளுக்குள்ள கணக்கு ஓடிட்டே இருக்குமாம். ஒரு நாள் பாதி முறம் உரிச்சிட்டு கண்ணத் தொடைக்கறப்பதான், அந்தக் கணக்கு எப்பவோ விட்டுப்போச்சேன்னு தோணுச்சாம். "அவ்வளவுதான்டி, வேற ஒண்ணும் நடக்கல"ன்னாங்க.

ஓடுறேனான்னு கேட்டீங்களே, ஓடி ஒளிய கான்வென்ட் தோதான இடமே இல்ல. ஏழெட்டு பேர் ஒரே வீட்டுல, யார் கூட இருக்கறதுன்னு நீங்க முடிவு பண்ண முடியாது, மாத்தல்னு வந்தா பெட்டியக் கட்டணும். துக்கமும் கூடவே வரும், வரட்டும். வேலைய மட்டும் இப்ப விட்டுடாதீங்க. கோடை லீவுல சபைகள் தேவ அழைத்தல் முகாம் நடத்துவாங்க, ரெண்டு மூணு நாள் போய் தங்குங்க, கோயில்ல பாக்கறத விட சாப்பாட்டு மேசையில சிஸ்டர்ங்க ஒருத்தருக்கொருத்தர் எப்படிப் பேசிக்கறாங்கன்னு பாருங்க. அம்மாகிட்ட போறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க.

அந்த வரன் வீட்டுக்காரங்களுக்கு இந்த வாரமே ஒரு பதில் சொல்லிடுங்க, பாவம், அவங்களுக்கு எதுக்கு இந்தக் காத்திருப்பு.