மெயில் சர்வருக்கு 24 கோர் கொடுத்தும் ஏன் திணறுகிறது?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் 350 மெயில்பாக்ஸ்கள். மைக்ரோசாஃப்டின் மெயில் சர்வரான எக்ஸ்சேஞ்ச் 2019, விஎம்வேரில் ஒரு விஎம்மாக (மெய்நிகர் கணினியாக) ஓடுகிறது. விஎம்கள் ஓடும் நிஜ சர்வரான ஹோஸ்டில் இரண்டு பிராசஸர்கள், தலா 12 கோர், மொத்தம் 256 ஜிபி ராம். மெயில் விஎம்முக்கு 24 வி-சிபியூவும் (விஎம்முக்குக் கொடுக்கும் மெய்நிகர் கோர்) 64 ஜிபியும் கொடுத்திருக்கிறோம். அதே ஹோஸ்டில் ஈஆர்பி டேட்டாபேஸுக்கு 16, ஃபைல் சர்வருக்கு 8, லாகினைச் சரிபார்க்கும் இரண்டு டொமைன் கன்ட்ரோலர்களுக்குத் தலா 4 வி-சிபியூ. எல்லா விஎம்களுக்கும் ஒதுக்கிய ராமைக் கூட்டினால் 300 ஜிபியைத் தாண்டும். காலை பத்து மணிக்கு அவுட்லுக் அப்படியே நின்றுவிடுகிறது. ஆனால் டாஸ்க் மேனேஜரில் சிபியூ 30 சதவீதம்தான் காட்டுகிறது. வி-சிபியூவை 32 ஆக உயர்த்தலாமா?

பதில்: உயர்த்தாதீர்கள், குறையுங்கள். 350 பேருக்கு 8 தாராளம்.

விஎம்முக்குள் இருக்கும் டாஸ்க் மேனேஜருக்குத் தன் வீட்டுக் கணக்கு மட்டும்தான் தெரியும். வெளியே கோருக்காக வரிசையில் நின்ற நேரம் அதில் சரியாக வராது. அந்தக் காத்திருப்பைப் பார்க்க, விஎம்வேரின் நிர்வாகத் திரையான வி-சென்டரில் 'சிபியூ ரெடி' என்ற அளவைத் திறக்க வேண்டும். நேரலை வரைபடத்தில் ஒவ்வொரு புள்ளியும் 20 விநாடி, அதாவது 20,000 மில்லி விநாடி. ஒரு வி-சிபியூவுக்கு 1,000 வந்தால் 5 சதவீதம். அதற்கு மேல் போனால் கவலைப்பட வேண்டியதுதான். விஎம் முழுவதற்குமான எண்ணைப் பார்க்கிறீர்கள் என்றால் வி-சிபியூ எண்ணிக்கையால் வகுக்க மறக்காதீர்கள். பலர் இங்கேதான் பயந்துபோகிறார்கள்.

24 பேர் குடும்பமாக மெஸ்ஸுக்குச் சாப்பிடப் போவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆட்கள்தான் வி-சிபியூ, இருக்கைகள்தான் கோர். சிலர் முன்னால் உட்காரலாம், ஹோஸ்டை நடத்தும் விஎம்வேர் மென்பொருளான இஎஸ்எக்ஸ்ஐ அதற்கு விடும். ஆனால் மற்றவர்கள் ரொம்பப் பின்தங்கினால், சாப்பிடுகிறவர்களையும் நிறுத்தி வைத்துவிடும். எட்டுப் பேராகப் போனால் சட்டென்று இடம் கிடைக்கும்.

உங்கள் ஹோஸ்டில் ஒதுக்கியிருப்பது மொத்தம் 56 வி-சிபியூ, இருப்பது 24 கோர். எக்ஸ்சேஞ்ச் ஓடும் ஹோஸ்டில் மைக்ரோசாஃப்ட் ஏற்றுக்கொள்ளும் உச்ச விகிதம் 2:1, பரிந்துரைப்பது 1:1. நீங்கள் 2.3-இல் இருக்கிறீர்கள். ஒரு கோரை இரண்டாக எண்ணும் ஹைப்பர் த்ரெடிங் 48 என்று காட்டும், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மெயிலை 8 ஆகவும், டொமைன் கன்ட்ரோலர்களைத் தலா 2 ஆகவும் குறைத்தால் மொத்தம் 36, அதாவது 1.5.

இதில் ராமுக்கும் ஒரு லாபம் உண்டு. எக்ஸ்சேஞ்சின் பல சேவைகள் டாட் நெட் என்ற மைக்ரோசாஃப்ட் மென்பொருள் தளத்தில் ஓடுபவை. அதன் சர்வர் முறைக் குப்பை சேகரிப்பு (பயன்படாத நினைவகத்தை விடுவிக்கும் வேலை) ஒவ்வொரு கோருக்கும் தனித்தனி நினைவகக் குவியல் வைத்துக்கொள்ளும். 24 வி-சிபியூ கொடுத்தபோது ராமையும் சேர்த்தே விழுங்கக் கொடுத்திருக்கிறீர்கள்.

அடுத்தது ராம், என் சந்தேகம் அதிகம் இங்கேதான். எக்ஸ்சேஞ்ச் தன் டேட்டாபேஸ் கேஷை (தரவை வேகமாக எடுக்க ராமில் வைக்கும் இடம்) இருக்கும் ராமைப் பார்த்துத்தான் கணக்கிடுகிறது. 64 ஜிபி இருக்கிறது என்று நம்பி நிரப்பும். ஹோஸ்டில் நெருக்கடி வந்தால், விஎம்மிடமிருந்து ராமைத் திரும்பப் பிடுங்கும் பலூனிங் அதைப் பின்வாசல் வழியாக எடுத்துக்கொள்ளும். வேகத்துக்காக வைத்த கேஷே டிஸ்க்குக்குப் போய்விட்டால் அப்புறம் கேஷ் எதற்கு? அதனால்தான் எக்ஸ்சேஞ்சுக்கு டைனமிக் மெமரி (ஓடும்போதே ராமைக் கூட்டிக் குறைப்பது) ஆதரிக்கப்படுவதில்லை. விஎம் அமைப்பில் மெமரி முழுவதையும், ஹோஸ்ட் திரும்ப எடுக்க முடியாதபடி, ரிசர்வ் செய்துவிடுங்கள். ராமுக்குத் துணையாக டிஸ்க்கில் இருக்கும் பேஜ் ஃபைலை ராமில் கால் பங்காக, 64-க்கு 16 ஜிபி என்று, குறைந்தபட்சமும் அதிகபட்சமும் ஒன்றாக வையுங்கள்.

மெயில்பாக்ஸ் சர்வருக்கு மைக்ரோசாஃப்ட் பரிந்துரைக்கும் குறைந்தபட்சம் 128 ஜிபி என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். 350 பேருக்கு ரிசர்வ் செய்த 64 போதும் என்பது என் கணிப்பு. பற்றவில்லையென்றால் 96. உங்கள் ஹோஸ்டில் ராம் சமமாகப் பிரிந்திருந்தால் ஒரு நியூமா முனைக்கு (ஒரு பிராசஸரும் அதன் பக்கத்து ராமும்) 12 கோரும் 128 ஜிபியும் வரும். 8 வி-சிபியூ, 96 ஜிபி அதற்குள் அடங்கிவிடும். சிபியூ ஹாட் ஆட் (ஓடும்போதே வி-சிபியூ சேர்க்கும் வசதி) போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள்.

வி-சிபியூவைக் குறைக்க விஎம்மை அணைத்தாக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை பாருங்கள். எக்ஸ்சேஞ்ச் 2019-க்கான ஆதரவு 14 அக்டோபர் 2025-உடன் முடிந்துவிட்டதால், அதன் அடுத்த பதிப்பான சப்ஸ்கிரிப்ஷன் எடிஷனுக்கு மாறும் வேலையையும் திட்டத்தில் சேருங்கள்.

திங்கள் காலை பத்து மணிக்கு ரெடி அளவு இறங்கியிருந்தும் அவுட்லுக் நின்றால், சிபியூவை விட்டுவிட்டு டேட்டாபேஸ் ரீட் தாமதத்தைப் பாருங்கள். சராசரி 20 மில்லி விநாடிக்கு மேல் என்றால் சிக்கல் ஸ்டோரேஜில்.