கேஸ்ட்ரிக் பைபாஸ் ஆப்பரேஷனுக்கு அப்புறம் சாப்பிட்டு ரெண்டு மணி நேரத்துல நடுக்கம்

இது பெரும்பாலும் சுகர் இறங்குறதுதாங்க, வெறும் அசதி இல்ல. கேஸ்ட்ரிக் பைபாஸ் (எடை குறைக்க இரைப்பைய சின்னதாக்கி சிறுகுடலோட நேரா இணைக்கிற ஆப்பரேஷன்) முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு, இப்பதான் புதுசா ஜூஸ் குடிச்சு ரெண்டு மணி நேரத்துல வேர்த்துக் கொட்டி கை நடுங்குதுன்னு எழுதியிருக்கீங்க, இதுக்கு லேட் டம்பிங்னு பேரு. இனிப்பு சிறுகுடலுக்கு நேரா ஓடிடுறதால சுகர் சர்ருனு ஏறுது, உடம்பு இன்சுலின தேவைக்கு மேல விட்டுடுது, 1 முதல் 3 மணி நேரத்துல சுகர் சரிஞ்சிடுது.

அடுத்த தடவை நடுக்கம் வந்த உடனே, எதையும் வாயில போடறதுக்கு முன்னாடி, குளுக்கோமீட்டர்ல விரல் குத்திப் பாருங்க. சுகர் 70 mg/dL-க்குக் கீழ இருந்தா 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிஷம் கழிச்சு மறுபடி டெஸ்ட், சரியானதும் கொஞ்சம் புரதம். நடுக்கம் நிக்கிற வரைக்கும் இனிப்ப அள்ளிப் போட்டுக்காதீங்க, திரும்ப ஏறி திரும்ப இறங்கும்.

தினமும் புரதத்த முதல்ல சாப்பிடுங்க, மாவுச்சத்து கடைசியா, அதுவும் கொஞ்சமா. தண்ணிய சாப்பாட்டுலேர்ந்து அரை மணி நேரம் தள்ளிக் குடிங்க. ஜூஸ விட்டுடுங்க, அதுதான் முக்கியம்.

குளுக்கோஸ் கரைசல் குடிக்க வச்சு எடுக்குற டெஸ்ட்ட டாக்டர் எழுதினா, பைபாஸ் பண்ணினவங்கன்னு முதல்லயே சொல்லிடுங்க, அதுவே கடுமையான டம்பிங்க கிளப்பிவிடும்.

சுகர் 54க்குக் கீழ போனாலோ, பேச்சு குழறினாலோ, மயக்கம் வந்தாலோ தள்ளிப்போடாம டாக்டர பாருங்க, அதுவரைக்கும் வண்டி ஓட்டாதீங்க. சுகர் மாத்திரை இன்னும் எடுக்குறீங்கன்னா டோஸ் அதிகமா இருக்கவும் வாய்ப்பிருக்கு, நீங்களா குறைக்காம டாக்டர்கிட்ட கேளுங்க.